போதுமா என்ற கேள்வி

இந்தியக் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளிலும், வங்கித் தேர்வுகளிலும், மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட்டிலும் ஒரு வகைக் கணக்கு வரும். பயிற்சி மையங்களில் அதற்கு டேட்டா சஃபிஷியன்சி என்றே பெயர். மேலே ஒரு கேள்வி, கீழே இரண்டு கூற்றுகள். விடையைக் கண்டுபிடி என்று தேர்வு சொல்லாது. கண்டுபிடிக்க இந்தக் கூற்றுகள் போதுமா என்று மட்டும் கேட்கும். முதல் கூற்றே போதும், இரண்டாவதே போதும், தனித்தனியாக எதுவும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், சேர்ந்தாலும் போதாது. ஜிமேட் வடிவில் இந்த ஐந்தில் ஒன்றைக் குறித்துவிட்டு நகர வேண்டும். பள்ளி நாள் முழுதும் ‘விடை என்ன’ என்றே கேட்கப்பட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள். கணிதம் பத்தாம் வகுப்பு அளவைத் தாண்டுவதில்லை. தடுமாற வைப்பது வேறொன்று: விடை தெரிவது ஓர் அறிவு என்றால், விடை தெரிய எது வேண்டும் என்று தெரிவது அதற்கு முந்திய இன்னோர் அறிவு. இந்த இரண்டாவது அறிவை நாம் யாருக்கும் தனியாகக் கற்றுக்கொடுப்பதில்லை. அதைத் தேர்வுத் தந்திரமாக ஒதுக்குவது பெரும் இழப்பு என்பதும், தாமிரபரணிக் கரைக்கு அது மிகப் பழக்கமான அறிவு என்பதும் என் வாதம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். திருநெல்வேலியில் ஒரு மிட்டாய்க் கடை. அல்வா கிலோ என்ன விலை? முதல் கூற்று: 2 கிலோ அல்வாவும் 3 கிலோ மிக்சரும் சேர்ந்து 1,500 ரூபாய். இரண்டாம் கூற்று: 4 கிலோ அல்வாவும் 6 கிலோ மிக்சரும் சேர்ந்து 3,000 ரூபாய். தெரியாதவை இரண்டு, சமன்பாடும் இரண்டு, ஆகவே சேர்ந்தால் போதும் என்று கை தானாகக் குறித்துவிடும். ஆனால் இரண்டாம் கூற்று முதல் கூற்றின் இரட்டிப்பு. அதில் புதுச் செய்தி எதுவும் இல்லை. ஒரே சாட்சி இரண்டு முறை கூண்டேறியதால் சாட்சிகள் இருவராகிவிட மாட்டார்கள். இப்போது கூற்றுகளைத் தொடாமல் கேள்வியை மட்டும் மாற்றுங்கள்: 6 கிலோ அல்வாவும் 9 கிலோ மிக்சரும் வாங்க எவ்வளவு ஆகும்? முதல் கூற்று ஒன்றே போதும், 4,500 ரூபாய். அல்வாவின் விலை இப்போதும் நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. போதுமை என்பது தரவுக்குள் குடியிருக்கும் குணமன்று என்பதை இது காட்டுகிறது. தரவுக்கும் கேள்விக்கும் இடையிலுள்ள உறவு அது. கேள்வி நகர்ந்தால் அதுவும் நகரும்.

இன்னொன்று. 7 ரூபாய்ப் பென்சிலும் 11 ரூபாய்ப் பேனாவும் வாங்கியதில் மொத்தம் 58 ரூபாய் ஆயிற்று, பேனா எத்தனை? தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்றே. போதாது என்று தோன்றும். ஆனால் பேனாவை அரைப் பேனாவாக விற்க மாட்டார்கள். முழு எண்களை வைத்துப் பார்த்தால் 2 பென்சில், 4 பேனா தவிர வேறு எதுவும் பொருந்தாது. கூற்றில் எழுதப்படாத, உலகம் அறிந்த ஒரு நிபந்தனை இங்கே உள்ளே வந்து வேலை செய்கிறது. போதுமா என்று பார்க்கிறவர் காகிதத்தில் உள்ளதோடு நில்லாமல், காகிதத்துக்கு வெளியே எது உறுதி என்பதையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

இந்த எடைபோடலைத் தமிழில் கற்பித்த ஒருவர் பொதிகையடியில் பிறந்தார். பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தவரான சிவஞான முனிவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் பெரும்புலவர், 1785இல் மறைந்தவர். சிவஞான போதத்துக்கு மாபாடியம் எழுதிய அதே கை, அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தையும் வடமொழியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தது. தத்துவத்தில் இறங்குகிறவர் முதலில் அளவை, அதாவது அறியும் வழிகளை, பயில வேண்டும் என்ற தெளிவு அவருக்கு இருந்திருக்கிறது. அந்த நூலின் எடுத்துக்காட்டு ஊரறிந்தது: மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு. புகை ஒன்றே போதும். இதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? நெருப்பு உண்டு, ஆகவே புகை உண்டு என்று சொல்லலாமா? கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகை இல்லை. ஈர விறகின் சேர்க்கை இருந்தால்தான் புகை எழும். தருக்க நூலார் இந்த ஈர விறகை உபாதி என்பார்கள். தேர்வின் மொழியில் சொன்னால், நெருப்புக்குப் புகை தனியே போதும். புகைக்கு நெருப்பு தனியே போதாது, ஈர விறகும் சேர வேண்டும். ஐந்து விடைகளில் இரண்டு இங்கேயே வந்துவிட்டன. ஏதுப்போலிகளை, அதாவது காரணம்போல் தோன்றும் போலிக் காரணங்களை, அந்த மரபு அத்தனை நுணுக்கமாகப் பிரித்துவைத்ததன் நோக்கமும், போதாததைப் போதும் என்று நம்பிவிடும் மனத்தைத் தடுப்பதே.

சமயத்தின் பெரிய கேள்விக்கும் இதே ஒழுங்கைச் சைவ சித்தாந்தம் பிடிக்கிறது. தோன்றி நின்று அழியும் உலகைக் கண்டு அதற்கொரு கருத்தா உண்டு என்று கருதலளவையால், அதாவது அனுமானத்தால், நிறுவுவது சிவஞான போதத்தின் முதல் நூற்பா. ஆனால் அந்தக் கருத்தா எத்தகையவன் என்ற கேள்விக்கு அதே உலகம், அதே கருதல் போதும் என்று சித்தாந்தம் சொல்வதில்லை. ஆறாம் நூற்பாவுக்கு வரும்போது, சுட்டி அறியப்படுவதாயின் அது அழியும் பொருள், எவ்வகையாலும் அறியப்படாததாயின் சூனியம், இறைவன் இவ்விரண்டும் அல்லன் என்கிறது. அங்கே உரையளவையும், அதாவது நூல்வாக்கும், அருளும் தேவைப்படுகின்றன. இந்த முடிவுகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் துணிபு. எனக்குப் பெரிதாகப் படுவது, கடவுளைப் பற்றிய பேச்சிலும் ‘இந்தத் தரவு இந்தக் கேள்விக்கு மட்டும்’ என்று எல்லை வகுத்த நேர்மை. எதிர்ச்சமயத்திலும் அது உண்டு. மணிமேகலையின் பௌத்தத்தில் வினாவுக்கு விடை நான்கு வகை: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. செத்தவன் பிறப்பானா என்று கேட்டால் பற்றற்றவனா, அல்லாதவனா என்று கூறிட்டுக் கேட்க வேண்டும், தரவு குறைகிறது. ஆகாயப்பூ பழையதா புதியதா என்று கேட்டால் வாய் திறக்க வேண்டாம். எந்தத் தரவும் அதற்குப் போதாது. குறை எங்கே என்று அறிந்து வாளாவிருப்பதை அறியாமையோடு சேர்க்காமல் விடையின் வகையாகவே எண்ணியிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. தேர்வில் இரண்டு கூற்றுகளும் மெய் என்று முன்னமே ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறோம். அவை ஒன்றோடொன்று முரண்படுவதும் இல்லை. வாழ்க்கையில் சாட்சி பொய் சொல்லும், ஏதுவுக்கு எதிர் ஏது நிற்கும். உண்மைதான், தேர்வு எளிய உலகம். ஆனால் மெய் என்றே வைத்துக்கொண்டாலும் போதாத ஒரு செய்தியை, அது மெய்யா பொய்யா என்று இரவு முழுதும் தொலைக்காட்சியில் வாதாடுவதில் பயன் என்ன? போதுமை பார்ப்பது முதல் சல்லடை. மெய்ம்மை பார்ப்பது அடுத்தது. முதலதில் விழுந்துவிடும் சர்ச்சைகள் நம்மிடையே ஏராளம்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது: போதுமான தரவு வரும்வரை காத்திருந்தால் எந்தக் காரியமும் நடக்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி கரை மீறியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். இத்தனை பெய்யும் என்று துல்லியமாகச் சொல்ல எந்தத் தரவு போதும்? போதாதுதான். ஆனால் ஆற்றோரத்து மக்களை அப்புறப்படுத்த வேண்டியவர் முன்னுள்ள கேள்வி அதுவன்று. தெருவுக்குள் தண்ணீர் வர வாய்ப்பு இருக்கிறதா, வந்தால் உயிர் போகுமா என்பதே அவர் கேள்வி. எவ்வளவு மழை என்பதற்குப் போதாத செய்தி, கிளம்புங்கள் என்று சொல்லத் தாராளமாகப் போதும். செயலுக்குத் தடை என்று இந்த ஒழுக்கத்தைக் குறைசொல்கிறவர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே விரைந்து செயல்படும் துணிவும் வரும்.

மூன்றாவது மறுப்பு நெஞ்சைத் தொடுவது, ஏனெனில் அது பற்றிலிருந்து பிறக்கிறது. தாமிரபரணிப் பகுதியின் அகழாய்வுத் தலமான சிவகளைப் பரம்பின் முதுமக்கள் தாழி ஒன்றிலிருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, அதே சிவகளையின் கரி மாதிரிகளைக் கொண்டு கி.மு. 3345 வரை போனது. இங்கே ‘போதுமா’ என்று கேட்பது தமிழரின் தொன்மையைச் சந்தேகிப்பதாகாதா என்கிறார்கள். நான் எதிராகவே எண்ணுகிறேன். நெல் ஓராண்டுப் பயிர். அது விளைந்த ஆண்டும் தாழிக்குள் போன ஆண்டும் அதிகம் விலகியிரா. ஆகவே 3,000 ஆண்டுகளுக்கு முன் பொருநை என்னும் தாமிரபரணியின் கரையில் நெல்லோடு அடக்கம் செய்யும் வழக்கம் இருந்ததா என்ற கேள்விக்கு அந்த நெல் போதும். பொருநை நாகரிகம் எப்போது தொடங்கியது என்பதற்கு அது போதாது. இதற்குப் பிந்தியதன்று என்ற ஓர் எல்லையை மட்டும் தருகிறது. கரியின் கதை வேறு. ஆண்டுகள் பல நின்ற மரத்தின் உள்வயிரம், மரம் வெட்டப்படுவதற்கு வெகுகாலம் முன்பே வளர்ந்து முடிந்திருக்கும். அதன் கரி காட்டும் காலம், தாழி புதைந்த காலத்துக்கு முந்தியதாக இருக்கலாம். கரியும் இரும்பும் ஒரே வேளையில் உள்ளே போனவை என்பதும் தனியே நிறுவப்பட வேண்டும். இவை அகழ்ந்தவர்கள் அறியாதவை அல்ல. மாதிரிகளைப் புளோரிடா, லக்னோ, அகமதாபாத் ஆய்வகங்களுக்கு அனுப்பியதும், கரியோடு நில்லாமல் மட்பாண்ட ஓட்டின் ஒளிர்வை அளந்ததும், ஒரே சாட்சியை இரு முறை கூண்டேற்றாமல் வேறு சாட்சி தேடிய நல்ல முயற்சிகள்.

நெல்லுக்கும் கரிக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ஈமக்காடாக இருந்தால் அதில் முரண் ஏதும் இல்லை. அதை உறுதிசெய்ய இனி வேண்டியதும் தெளிவாகவே தெரிகிறது: மூடி கலையாத தாழியில் இரும்போடு சேர்ந்து கிடக்கும் நெல்லோ வேறு ஓராண்டுத் தானியமோ; அந்த இரும்புக்குள் தங்கிய கரிமத்தின் காலம்; சிவகளைக்கு வெளியே, ஆற்றின் மறுகரையில் ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களில் இதே பழமையில் இன்னும் சில தாழிகள். இவை கிடைத்தால் முதல் கூற்றும் இரண்டாம் கூற்றும் சேர்ந்து போதும்.