முதுகும் வாயும் ஒரே கல்லில்



உங்களில் சிலருடைய வீட்டுப் பழைய பெட்டியில் பாட்டனாரின் மடக்குச் சவரக்கத்தி கிடக்கலாம். துருவேறிய அந்தக் கத்தியைக் கண்டால், தொழிற்சாலையில் மெருகுச் சக்கரம் ஓட்டும் மகனுக்குக் கை துருதுருக்கும். சக்கரத்தில் பிடித்தால் சிறிது நேரத்தில் கண்ணாடிபோல் மின்னும். ஆனால் தாடியில் வைத்தால் மழிக்காது. ஏன்?

சக்கரத்தின் வேகத்தில் மெல்லிய வாய் உருண்டு போகிறது. உராய்வுச் சூட்டில் எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் அதன் பதமும் போய்விடும். போன பதத்தை எந்த மெருகும் திருப்பித் தராது. மறுபடி உலைக்குத்தான் போகவேண்டும்.

தொழில் அறிந்தவர் செய்வது வேறு. மெருகுப் பசையை மெல்லிய துணியில் தொட்டு, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகப் பொறுமையாய்த் துடைப்பார். வாய்க்கு எதிராகக் கையைக் கொண்டுபோகமாட்டார். தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்து கல்லைத் தொடும்படி கத்தியைப் படுக்கவைத்து நகர்த்துவார். முதுகைத் தூக்கினால் கோணம் மாறி வாய் மழுங்கும். பிறகு தோல் வாரில் முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே வர இழுப்பார். கடைசியில் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவி வைப்பார்.

ஒன்றைக் கவனியுங்கள். கல்லில் வாய் மட்டும் தேய்வதில்லை. முதுகும் கூடவே தேய்கிறது. அதனால்தான் எத்தனை ஆண்டு தீட்டினாலும் கோணம் கெடுவதில்லை.

தகப்பன்மாரே, தாய்மாரே! பிள்ளைகளைத் திருத்துவது சர்வேசுரன் உங்களுக்கு இட்ட கடமை. ஆனால் எப்படித் திருத்துகிறோம்? 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010-இல் ஒரகடத்திலும் கார் உற்பத்தி தொடங்கியது. நம் பக்கத்து வீடுகளுக்குச் சோறு வந்தது, ஷிப்டும் வந்தது. தகப்பன் இரவு வேலை, மகன் பகல் வேலை. இருவரும் சந்திப்பது வாசற்படியில். அந்த ஐந்து நிமிஷத்தில் களைப்பும் கோபமுமாய், அயலார் கேட்க மகனை வைது தீர்க்கிறோம். அவன் அடங்கிப்போகிறான், வெளியே மினுக்கம் தெரிகிறது. உள்ளேயோ உண்மை பேசும் தைரியம் போயிற்று. அது சூட்டில் ஏற்றிய மெருகு அல்லவா?

ஜெபமாலை சொல்லப் பிள்ளையை ஏவிவிட்டுத் தான் கைபேசியைப் பார்த்திருக்கும் தாய், முதுகைத் தூக்கிப் பிடிக்கிறாள். புட்டியை மறைத்துவைத்துக்கொண்டு குடியைக் கண்டிக்கும் தகப்பனும் அப்படியே. தான் தேயச் சம்மதியாதவன் பிள்ளையைக் கூராக்க முடியாது.

பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1955-இல், மே மாதம் 1-ஆம் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அந்தத் தச்சர் பேசிய ஒரு வார்த்தையும் சுவிசேஷத்தில் இல்லை. ஆனால் நம் ஆண்டவரும் தச்சர் என்றே ஊராரால் அழைக்கப்பட்டார். அருகில் நின்று உழைத்தவரின் தொழில் மகனிடம் வந்தது.

ஆகையால், இந்த வாரம் பிள்ளையிடம் திருத்தவேண்டிய ஒரு குற்றத்தை நினையுங்கள். அது உங்களிடமும் உண்டா என்று பாருங்கள். உண்டானால், பாவசங்கீர்த்தனத்துக்கு முதலில் நீங்கள் போங்கள். முதுகு முன்னே செல்லட்டும். வாய் பின்னே வரும்.

ஆமென்.