சர்வர் எழுந்தால் போதுமா?

மன்னார்புரத்து அலுவலகம் ஒன்றில் டேட்டாபேஸ் சர்வர் எழ மறுத்தால், முதலில் எழும் குரல் "எப்படியாவது ஓட வையுங்கள்" என்பதுதான். வழியும் உண்டு. செல்லுபடியாகும் செக்பாயிண்ட் கிடைக்காமல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நின்றுவிட்டால், மாற்றங்களைப் பதியும் லாக்கை ஒரு கட்டளையில் துடைத்துவிட்டுத் தொடங்கலாம். சர்வர் எழும், ஆனால் உள்ளே இருப்பது பழைய கணக்குதான் என்பதற்குச் சாட்சி இருக்காது. சாட்சியற்ற தொடர்ச்சியை மெய்யென்று ஏற்கக் கூடாது என்பதே என் வாதம்.

காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம் கோயிலும் இதே கேள்வியைச் சந்தித்தது. 1323 படையெடுப்பின்போது வெளியேறிய உற்சவர் 1371இல் திரும்பியபோது, இடையில் பூசை கண்ட வேறொரு திருமேனி அங்கே இருந்தது. பழையவர் யார்? பார்வையிழந்த முதிய வண்ணார் ஒருவர் திருமஞ்சன ஈரவாடையை வைத்துச் சொன்னார் என்கிறது கோயில் மரபு. நடந்தது அப்படியேதானா என்று வரலாற்றாசிரியர்கள் கேட்கலாம். ஆனால் ஆணையிட்டு முடிக்காமல், பழையதை அறிந்த ஒருவரைத் தேடியதைத்தான் மரபு போற்றி வைத்திருக்கிறது. சாட்சி கிடைக்கும்வரை காத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் அங்கே விடை உண்டு: இடைக்காலத்தில் வேறொரு திருமேனியை வைத்து வழிபாடு நடந்தது, அந்தத் திருமேனியும் திருவரங்கமாளிகையாராக இன்றும் போற்றப்படுகிறார். அலுவலகத்திலும் பேக்கப்பை வைத்து வேலையை நடத்தலாம், அது பேக்கப் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு. பழுதான கோப்புகளைத் தனியே படியெடுத்து வைத்த பிறகே அவற்றில் கை வைக்க வேண்டும்.