முன்னால் தூக்கினால் பின்னால் எடை

அமெரிக்கச் சிறு பண்ணைகளில் 20, 30 குதிரைத்திறன் டிராக்டருக்கு முன்பக்க லோடரைத் தாங்களே கொட்டகையில் பொருத்திக்கொள்வோர் உண்டு. இருபுறமும் தாங்குசட்டம், தடித்த போல்ட்டுகள், நாலு ஹைட்ராலிக் குழாய்கள். வேலை ஒருநாளில் முடிந்துவிடும். போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, சில மணி நேரம் ஓட்டியபின் மறுபடி பார்க்க வேண்டும். புதிதாகப் பொருத்தியது படியும்போது தளரும்.

அச்சம் கொள்ள வேண்டியது குழாயில் ஓடும் ஹைட்ராலிக் எண்ணெயிடம்தான். குழாய்க்குள் அழுத்தம் 2,000 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறும். ஊசிமுனைத் துளையில் பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்துவிடும். முள் குத்தியதுபோல்தான் இருக்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஓர் அட்டைத் துண்டை நீட்டினால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும்.

பலர் மறப்பது பின்பக்கத்தை. லோடரின் பக்கெட்டில் ஈரமண் நிறைந்ததும் முன் அச்சை மையமாக வைத்து வண்டி சாய, பின்சக்கரம் மேலெழும்பும். பல சிறு டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டுமே இருப்பதால் அதுவும் பிடிக்காது. அதற்காகத்தான் டிராக்டரின் பின்பக்க இணைப்பில் கான்கிரீட் நிரப்பிய பீப்பாயை மாட்டி, பக்கெட்டைத் தரையை ஒட்டித் தாழ்த்தியே ஓட்டுகிறார்கள்.