தலையெழுத்தா? தளர்நடையா?

"எல்லாம் தலையெழுத்து!"

எண்ணிப் பார்க்க மறுக்கும் உள்ளத்துக்கு இதைவிட எளிய புகலிடம் வேறில்லை. எம்.கே.பி. நகரின் தெருவொன்று. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டும் தந்தை, வீட்டு வேலைக்குச் செல்லும் தாய். அவர்தம் குழந்தைக்கு வயது இரண்டு. இன்னும் நிற்கவில்லை, சோற்றை எடுத்து வாயில் வைக்கவில்லை. அண்டை வீட்டார் கூடுகின்றனர். "கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாய்" என்கிறார் ஒருவர். "முற்பிறவி வினை" என்கிறார் மற்றொருவர். "ஆண்பிள்ளை மெல்லத்தான் நடக்கும், பொறு" என்கிறார் மூன்றாமவர். கையிலே கயிறு ஏறுகிறது. இடுப்பிலே தாயத்து ஏறுகிறது. குழந்தைக்கு வயதும் ஏறுகிறது!

"இருக்கட்டுமே! ஏழைக்கு அது ஓர் ஆறுதல்தானே? அதிலென்ன தீங்கு?" என்று கேட்கும் நல்லவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைத்தான் ஆராய விழைகிறோம்.

தன் நம்பிக்கைக்குத் தானே விலை கொடுப்பவனைப் பேதை என்று விட்டுவிடலாம். ஆனால் இங்கே நம்புவது ஊர். விலை கொடுப்பதோ, "வேண்டாம்" என்று சொல்லவும் வாயில்லாத மழலை! அவ்விலையும் சிறிதன்று. மூளையின் நரம்பிணைப்புகள் மிக விரைந்து வளர்வது பிறப்பு முதல் மூன்றாண்டுகளில். ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்காராத குழந்தையையும், ஒன்றரை வயதில் நடவாத குழந்தையையும் மருத்துவரிடம் காட்டுக என்று அறிவியல் கூறுவது அதனால்தான். குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல், முற்றிய மஞ்சள் காமாலை, தைராய்டு சுரப்புக் குறைவு, மரபணுக் கோளாறு எனக் காரணங்கள் பல. மாமன் மகளென்றும் அக்காள் மகளென்றும் உறவுக்குள்ளேயே மணமுடிக்கும் நம் வழக்கம், மரபுவழி நோய்களுக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. எல்லாக் காரணமும் இன்று தெரிந்துவிடுவதில்லை; ஆனால் தெரிந்த காரணங்களில் கிரகணம் இல்லை, முற்பிறவி இல்லை, தாயின் பாவமும் இல்லை!

சரி, பயிற்சியால் ஆவதென்ன? இயன்முறை மருத்துவர் மந்திரம் போடுவதில்லை. பாயை விரிக்கிறார். சுருட்டிய துணியை மார்புக்கடியில் வைத்துக் குழந்தையைக் குப்புறக் கிடத்துகிறார். கிலுகிலுப்பையை எட்ட வைத்துத் தலையை நிமிர்த்தச் செய்கிறார். ஆக்குப்பேஷனல் தெரபி எனப்படும் செயல்முறைப் பயிற்சி தருபவர், பொரியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பொறுக்கக் கற்பிக்கிறார். கரண்டியின் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கிப் பிஞ்சுக் கையில் கொடுக்கிறார். அதே பயிற்சியைத் தாய்க்கும் தந்தைக்கும் கற்றுத் தருகிறார். நிலையத்தில் அரைமணி, வீட்டிலோ நாள்தோறும், குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும்.

"இவ்வளவு பாடுபட்டும் நடக்காவிட்டால்?" என்பர். நடக்காத குழந்தைகளும் உண்டு; மறைக்கவில்லை. நடந்தால்தான் மதிப்பு என்பது நம் கொள்கையன்று. நிற்க இயலாத குழந்தை நிமிர்ந்து உட்காரும். பேச இயலாத குழந்தை தனக்கு வேண்டியதைச் சுட்டிக் காட்டும். சுயமரியாதை மேடையிலே முழங்கும் சொல் மட்டுமன்று. தன் வாய்ச்சோற்றைத் தன் கையால் எடுக்கும் அந்தச் சிறு செயலிலேயே அது முளை விடுகிறது!

தாயை மட்டும் இடித்துரைத்துவிட்டு ஒதுங்குவது அறமாகாது. கயிறு தெருமுனையிலேயே கிடைக்கிறது. பயிற்சியோ தொலைவில் இருக்கிறது. 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்று முழங்கிய இயக்கம் நம்முடையது. இச்சென்னைக்குள் அம்முழக்கம் தலைகீழாக நிற்கிறதே! கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம், முட்டுக்காட்டில் நடுவண் அரசின் தேசிய நிறுவனம்: நெடுநாளாகப் பேர் பெற்ற நிலையங்கள் தென்திசையில். வடசென்னைத் தாய் குழந்தையை இடுப்பில் சுமந்து இரண்டு பேருந்து மாறினால், அன்றைய கூலி போகிறது. நான்கு முறை போவாள். ஐந்தாம் முறை தலையெழுத்தே மலிவு என்று தோன்றாதா?

வழி உண்டு. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அதன் பணியாளர்கள் சிற்றூர்களில் வீடுதேடிச் சென்று பயிற்சி தருகின்றனர். சிற்றூருக்கு இயல்வது வியாசர்பாடிக்கு இயலாதா?

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை ஆய்ந்து, வளர்ச்சித் தாமதம் கண்டால் மாவட்ட மையத்துக்கு அனுப்பச் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளியின் வாழ்வை உரிமை என்கிறது. தமிழக அரசு, உலக வங்கியின் உதவியோடு நடத்தும் திட்டத்துக்கு 'உரிமைகள்' என்றே பெயர். நல்ல பெயர்! ஈகையாயின் 'இல்லை' என்று சொல்லிவிடலாம். உரிமையை இல்லையென்று சொல்ல எவருக்கும் இடமில்லை. ஆகவே, கேட்போம்: எங்கள் தெருவுக்கு எப்போது?

ஐந்து வயதில் அக்குழந்தை நம் வகுப்பறைக்கு வந்து, எழுதுகோலைப் பற்ற இயலாமல் விழிக்கும்போது, நாம் காண்பது அதன் குறையையா? அன்று, ஊர்கூடிப் பாழாக்கிய ஆண்டுகளை!

கயிற்றை அவிழ்ப்போம். பாயை விரிப்போம். தலையெழுத்தை எழுதியவனைத் தேடி அலைய வேண்டாம். தளர்நடைக்கு விரல் நீட்டுவோம், இன்றே!