நலம் வேண்டிச் செய்யும் தியானம் நல்ல தியானம் ஆகுமா?

சென்ற தசலட்சணப் பருவத்தில் ஒரு மாலை, ஜினாலயத்தில் வழிபாடு முடிந்து வெளியே வரும்போது, எங்கள் தெருவைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி என் கையைப் பற்றி நடத்தி வந்தாள். வழியில் அவள், “டீச்சர் பாட்டி, தினமும் சாமாயிகம் செய்தால் சர்க்கரை குறையுமாமே, உண்மையா? அம்மாவைச் செய்யச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். “தியானத்தை மருந்துக்கடைச் சரக்காக ஆக்காதே” என்று சற்றுக் கடுமையாகவே கூறிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளை கேட்கும் கேள்வியைக் கடிந்து அடக்கலாகாது என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. தாயின் நோய் தீரவேண்டும் என்னும் பரிவினாலன்றோ அவள் கேட்டாள்? ஆயினும் நான் கூறியதில் உண்மை சிறிதும் இல்லையென்றும் சொல்வதற்கில்லை. உடல் நலம் கருதித் தியானம் செய்வது அறமா, அன்றா? இவ்வினாவை நம் இல்லறத்தார் அனைவரும் எண்ணிப் பார்த்தல் நலம் எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

உடலுக்கு விளையும் நன்மை

முதற்கண், உடலுக்கு நன்மை உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அச்சமோ சினமோ எழுந்தால் நெஞ்சு படபடக்கிறது. மூச்சு குறுகி விரைகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆபத்தை எதிர்கொள்ள உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. ஆபத்து நீங்கிய பின்னரும் கவலையினால் இந்த ஆயத்தம் நீங்காது நிற்குமாயின் அதுவே உடலைத் தேய்க்கிறது. மெதுவாகவும் சீராகவும் மூச்சு விடும்போது, நெஞ்சை அமைதிப்படுத்தும் நரம்புகள் தொழிற்பட்டு இந்தப் படபடப்பைத் தணிக்கின்றன.

இதனைக் கருவிகொண்டு ஆராய 1924-ஆம் ஆண்டிலேயே சுவாமி குவலயானந்தர் லோணாவளாவில் கைவல்யதாமத்தை நிறுவினார். 1975-இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், ஒரு சொல்லை அமைதியாகத் திரும்பத் திரும்ப எண்ணுவதால் உடல் எவ்வாறு தளர்வுறுகிறது என்பதை நூலாக எழுதினார். அதே 1975-இல் தேராபந்த் சங்கத்து ஆசாரியர் துளசியும், பின்னாளில் ஆசாரியரான மகாபிரக்ஞரும் பிரேக்ஷா தியான முறையை வகுத்தளித்தனர். 2001-இல் இத்தாலி நாட்டு மருத்துவர்கள், உடல்நலம் வாய்ந்த 23 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், கிறித்தவரின் செபமாலைச் செபமும் பௌத்தரின் மந்திரமும் மூச்சை நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைத்தன என்றும், அதனால் நெஞ்சின் இயக்கம் சீர்பெற்றது என்றும் கண்டனர்.

இதைப் படித்தபோது நம் காயோத்சர்க்கம் என் நினைவுக்கு வந்தது. பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒருமுறை ஓத மூன்று மூச்சு. ஒன்பது முறை ஓத இருபத்தேழு மூச்சு. இது நம் முன்னோர் வகுத்த கணக்கு. நிமிடத்திற்கு ஆறு மூச்சாக விட்டால் நான்கரை நிமிடத்தில் இது நிறைவுறும். ஓய்வாக இருக்கையில் சாதாரணமாக நாம் விடும் மூச்சோ நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை. மூச்சை எண்ணி ஓதச் சொன்ன பெரியோர் இரத்த அழுத்தத்தை எண்ணிச் சொன்னாரல்லர். எனினும் அவ்வாறு ஓதும் உடல் தானே அமைதியுறுகிறது.

மருத்துவ உலகம் இந்நன்மையை அளவோடுதான் கூறுகிறது என்பதையும் மறத்தலாகாது. 2017-இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கை, இதயநோய்க்கு ஏதுவானவற்றைக் குறைப்பதில் தியானத்தைத் துணையாகக் கொள்ளலாம் என்றது. மருத்துவத்திற்கு மாற்றாகக் கொள்ளலாம் என்று கூறவில்லை. துணை வேறு, மாற்று வேறு. இந்த வேறுபாட்டை மறந்ததனால் விளைந்த கேட்டினைப் பின்னர்க் கூறுவேன்.

ஆகமம் கூறுவது

இன்று உலகமெங்கும் யோகம் என்றால் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் என்றே பொருள் கொள்கின்றனர். ஐக்கிய நாடுகள் சபை 2014-இல் தீர்மானித்தபடி 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 யோக நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் யோகம் என்று குறிப்பிடுவது மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றின் செயலை. அச்செயலே வினை உயிருள் வந்து சேரும் வாயில், அதுவே ஊற்று. அவ்வாயிலை அடைப்பது செறிப்பு. முன்பு சேர்ந்த வினையைக் களைவது உதிர்ப்பு. தியானம் இவ்விரண்டிற்கும் உரிய அகத்தவமாகும்.

அந்நூலே தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மியம், சுக்கிலம் என நான்காக வகுக்கிறது. முதலிரண்டும் விலக்கத் தக்கவை. ஆர்த்தம் என்பது துயரில் தோய்ந்த எண்ணம். வேண்டாதது வந்து சேர்ந்ததற்கு வருந்துதல், வேண்டியது பிரிந்ததற்கு வருந்துதல், நோயின் வலியையே இடைவிடாது எண்ணுதல், இனி இன்ன இன்பம் வேண்டுமென ஏங்குதல் என அதுவும் நான்கு வகைப்படும். மூன்றாவதைக் கவனியுங்கள். ‘என் நோய் எப்போது நீங்கும், எப்போது நீங்கும்’ என்று கண்மூடி அமர்ந்து எண்ணிக்கொண்டிருப்பவர், பார்ப்பவர் கண்ணுக்குத் தியானத்தில் இருப்பவரே. ஆகமத்தின் கண்ணுக்கும் தியானத்தில் இருப்பவரே. ஆனால் அது ஆர்த்த தியானம்!

மூச்சுப் பயிற்சியைப் பற்றியும் நம் ஆசாரியர்கள் எச்சரிக்கையுடனேயே பேசினர். 12-ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திர ஆசாரியர் தம் யோகசாஸ்திரத்தில் பிராணாயாமத்தை மிக விரிவாக எடுத்துரைத்தார். உரைத்த பின்னர், மூச்சை வலிந்து அடக்கினால் உடல் களைக்கும், களைத்த உடலில் மனம் அமைதி பெறாது, ஆதலின் அது வீடுபேற்றுக்கு இடையூறே என்று கருத்தளித்தார். பயனை அறிந்திருந்தும் அதன் எல்லையையும் அறிந்திருந்தார் என்பதே இதனால் விளங்குகிறது.

ஆகவே அன்று நான் அப்பெண்ணிடம் கூறியது சரிதானா? பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். இன்று அவ்வாறு எண்ணவில்லை.

சோற்றுக்கு வந்த பிள்ளைகள்

தமிழ்நாட்டில் 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. சிற்றூர்ப் பள்ளிகளில் பணியாற்றிய என் போன்றோர் அதன் பயனைக் கண்ணாரக் கண்டோம். தட்டை ஏந்திக்கொண்டு வந்த பிள்ளைகளில் பலர் சோற்றுக்காகவே வந்தனர். அதனை அவர்களும் மறைக்கவில்லை. நாங்களும் அறிந்தே இருந்தோம். ‘நீ கல்விக்காக வரவில்லை, சோற்றுக்காக வந்தாய், வெளியே போ’ என்று எந்த ஆசிரியராவது கூறுவாரா? பசி அழைத்து வந்த பிள்ளைகளுள் எத்தனையோ பேர் எழுத்தறிந்தனர். பின்னாளில் பசி தீர்ந்தபோதும் புத்தகத்தை விடவில்லை.

அதே வேளையில், சோறு மட்டும் போட்டு எழுத்தைக் கற்பிக்காமல் மணியடித்து அனுப்பிவிடும் இடத்தைப் பள்ளி என்றும் கூறமாட்டோம்.

உடல் நலம் கருதித் தியானத்திற்கு வருபவர் இப்பிள்ளைகளைப் போன்றவர். அவரை இகழ்வது அறமன்று. ஆர்த்த தியானம் பிரமத்த நிலையில் உள்ள முனிவருக்கும் சிறிது நேர்வதுண்டு எனப் பெரியோர் கூறியிருக்க, இல்லறத்தாரைப் பழிப்பது எங்ஙனம்? ஆயினும் வந்தவரை வந்த இடத்திலேயே நிறுத்திவைப்பதும் அறமன்று. சமநிலை என்னும் எழுத்தை அவருக்குக் கற்பித்தல் வேண்டும். இன்பம், துன்பம், பேறு, இழப்பு, நட்பு, பகை ஆகியவற்றில் ஒருதன்மையாய் நிற்றலே சாமாயிகம். நலத்திலும் நோயிலும் ஒருதன்மையாய் நிற்றலும் அதனுள் அடங்கும்.

ஓர் அம்மையாரின் துயரம்

இவ்வெழுத்தைக் கற்பிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. எனக்கு உறவினரான அம்மையார் ஒருவர் இரத்த அழுத்தத்திற்காகப் பல்லாண்டுகள் மாத்திரை உட்கொண்டு வந்தார். பயிற்சி வகுப்பு ஒன்றில் ‘மனம் அடங்கினால் மாத்திரை எதற்கு?’ என்று எவரோ கூறக் கேட்டு, மருத்துவரைக் கலவாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்கள் நன்றாகவே இருந்தார். ஒருநாள் விடியற்காலையில் அவருடைய வாய் கோணிற்று, வலக்கை துவண்டது. மருத்துவர்கள் உயிரைக் காத்தனர். வலக்கை மட்டும் முன்போல் ஆகவில்லை.

நான் காணச் சென்றபோது அவர் கையைப் பற்றி அழவில்லை. “என் தியானத்தில் ஏதோ குறை இருந்திருக்கிறது அக்கா. நான் சரியாகச் செய்யவில்லை” என்று கூறி அழுதார். நோய் அவர் கையைத்தான் முடக்கியது. அந்தப் போதனையோ அவர் மனத்தையும் முடக்கிவிட்டது. தியானம் நோயை நீக்கும் என உறுதி கூறுபவர், நோய் நீங்காதபோது நோயாளியைக் குற்றவாளியாக்கிவிடுகிறார். இதனைவிடக் கொடிய இம்சை வேறு உண்டோ? பிறர் நலம் விரும்பிக் கூறினும், தாம் அறியாததை அறிந்ததுபோல் கூறுவது வாய்மைக்கும் இழுக்காகும்.

‘நோய் அவரவர் வினைப்பயன்’ என்று கூறி நகர்ந்துவிடுவாரும் நம்மிடையே உளர். அசாதா வேதனீய வினையின் உதயம் என்பது உண்மையே. ஆனால் அவ்வறிவு நம் துன்பத்தை நாம் பொறுப்பதற்காக அளிக்கப்பட்டது. பிறர் துன்பத்தைக் கண்டு வாளா இருப்பதற்காக அன்று. அவ்வாறன்றேல், ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானம் கூறிய சான்றோர் மருந்துக்கு அங்கே ஏன் இடமளித்தனர்? நம் தமிழ்ச் சமண ஆசிரியர்களான கணிமேதாவியாரும் காரியாசானும் தம் அறநூல்களுக்கு ஏலாதி, சிறுபஞ்சமூலம் என மருந்தின் பெயர்களையே சூட்டினர். மருந்தை இகழ்ந்திருப்பின் அவ்வாறு செய்வரோ? மாத்திரை உண்பது நம்பிக்கைக் குறைவன்று. உடலைப் பேணுதல் பற்றும் அன்று. இவ்வுடலைக் கொண்டே நோன்பும் தானமும் இயற்ற வேண்டியிருத்தலின் அது கடமை.

செய்யத் தக்கது

சாமாயிகத்திற்கு உரிய காலம் ஒரு முகூர்த்தம். அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். ஒரு பொருளில் மனம் ஒன்றி நிற்பது அந்த முகூர்த்தத்திற்கும் உட்பட்ட காலமே என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. ஆதலால் மனம் அலைகிறதே என்று எவரும் மனம் தளர வேண்டுவதில்லை. இயலாதவர் இருபத்தேழு மூச்சு அளவில் தொடங்கலாம். முழங்கால் வலி உடையோர் நாற்காலியில் அமர்ந்தும், எழ இயலாதோர் படுத்தும் செய்யலாம். மூச்சை வலிந்து அடக்க வேண்டா. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போர் உண்ணாநோன்பு ஏற்குமுன் மருத்துவரைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

அமரும்போது ‘நோய் தீர்க’ என்னும் எண்ணம் எழுந்தால், அதனைக் கடிந்து விரட்டவும் வேண்டா, பற்றிக்கொள்ளவும் வேண்டா. ‘நோய் உடலுக்கு உரியது, அதனை அறிந்துகொண்டிருக்கும் நான் உயிர்’ என எண்ணுக. உடலும் உயிரும் வேறு என்னும் அன்யத்துவ பாவனை பன்னிரண்டு அனுப்பிரேக்ஷைகளுள் ஒன்று. அவ்வெண்ணத்தில் ஓரிமைப்பொழுது நின்றாலும், ஆர்த்தமாகத் தொடங்கியது தர்மிய தியானமாக மாறத் தொடங்கும். சித்தன்னவாசல் மலைக்குகையில் நம் முனிவர் கிடந்த கற்படுக்கைகளைக் கண்டோர் அறிவர்: உடல் சுகத்தை நாடி அங்கு எவரும் சென்றிரார். எனினும் அவர்கள் தேடிய அமைதியின் ஒரு துளியே இன்று நமக்கு நலமாகவும் வந்து சேர்கிறது.

அந்த அம்மையார் இன்று இடக்கை விரல்களால் எண்ணி ஒன்பது முறை மந்திரம் ஓதுகிறார். மாத்திரையையும் வேளை தவறாமல் உண்கிறார். “இப்போதெல்லாம் நான் எதையும் கேட்பதில்லை அக்கா. ஓதிவிட்டுச் சும்மா இருக்கிறேன்” என்று சென்ற மாதம் கூறினார். அவர் கற்றுக்கொண்டார் என எண்ணிக்கொண்டேன்.

அந்த இளம்பெண்ணை நான் மீண்டும் அழைத்துப் பேசினேன். “உன் அம்மாவைத் தாராளமாகச் செய்யச் சொல். மருந்தையும் உணவுக் கட்டுப்பாட்டையும் நடைப்பயிற்சியையும் விடவேண்டாம் என்று சொல். மனம் அமைதியுற்றால் அவற்றைக் கடைப்பிடிப்பது எளிதாகும். சர்க்கரை குறைந்தால் மகிழ்ச்சி, குறையாவிட்டாலும் அவர் செய்த சாமாயிகம் வீணாகாது என்பதையும் மறவாமல் சொல்” என்றேன். “நானும் கூட உட்காரட்டுமா பாட்டி?” என்று கேட்டாள். அன்று வாடிய முகம் மலர்ந்தது.

அறம் வளர்க! அனைத்துயிரும் நலம் பெறுக!