"பட்டாளம் வரணும்"

பஸ் வரவில்லை. கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் காரக்கோணம் ஜங்ஷனில் ஏழெட்டுப் பேர் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தோம். மருத்துவக் கல்லூரியில் படுத்திருக்கும் அம்மாவுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டிய ஒருவர், வெள்ளறடைப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற டீச்சர், ரப்பர் ஷீட்டைச் சாக்கில் கட்டி வைத்திருந்த ஒரு பெரியவர். சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் கிளாஸைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னார்: "பட்டாள ஆட்சி வரணும் அண்ணாச்சி. அப்பத்தான் இவனுவ எல்லாம் சரியாவானுவ."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் தலையாட்டினேன். வீட்டுக்குத் திரும்பிய பிறகு அந்தத் தலையாட்டல்தான் என்னை உறுத்தியது.

சிறுவயதிலிருந்து கேட்டுப் பழகிய பேச்சு அது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோனாலும், ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டு ஆள் மறைந்துவிட்டாலும், விடிந்தால் ஹர்த்தால் என்று சேதி வந்தாலும் யாராவது ஒருவர் பட்டாளத்தைக் கூப்பிடுவார். என் குடும்பத்திலேயே மூன்று பேர் பட்டாளத்துக்குப் போனவர்கள். விடுமுறைக்கு வந்தாலும் விடிவதற்குள் எழுந்து சவரம் செய்து, மடித்த சட்டையோடு முற்றத்தில் நிற்பார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, நாடும் அப்படி நின்றால் என்ன என்று தோன்றுவது இயல்புதான்.

அன்று மாலை மாமாவிடம் கேட்டேன். இருபது வருடம் சீருடையில் இருந்தவர், இப்போது மரச்சீனிக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கிறார். மண்வெட்டியை நிறுத்தாமலே சிரித்தார். "பட்டாளத்துல சாயா நல்லால்லன்னு சொல்லப்படாது மக்களே. அந்தாளு ஊர்ல இருந்துதான அதச் சொல்லுதாரு? சொல்லட்டும், விடு."

விட முடியவில்லை. பட்டாள ஆட்சி கேட்கிறவர்களை அதன்பிறகு கவனித்துக் கேட்கத் தொடங்கினேன். நான் ஒழுங்காக வரி கட்டுவதற்காக, நான் ஹெல்மெட் போடுவதற்காக, என் மதில் ரோட்டுப் பக்கம் நகராமல் இருப்பதற்காகப் பட்டாளம் வர வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. பஸ் டிரைவருக்காக, கிளார்க்குக்காக, எதிர்க்கட்சிக்காரனுக்காக, பக்கத்து வீட்டுக்காரனுக்காகத்தான் கேட்கிறார்கள். கீழ்ப்படிய வேண்டியவன் எப்போதும் அடுத்தவன். அந்த ஆட்சி உண்மையிலேயே வந்தால் அடுத்தவன் என்ற பட்டியலில் நம் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்று யோசிப்பதில்லை.

யோசித்துப் பார்க்கத் தமிழனுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. பர்மா இருக்கிறது.

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளில் ஒன்றில், பல வருடங்களுக்கு முன் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். ரங்கூனில் பிறந்தவர். கப்பலேறி வந்தபோது வயது பதினான்கு. "காதுல கிடந்த கம்மலக்கூட எண்ணிப் பாத்துத்தான் விட்டான்" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. முட்டையை நறுக்கி வைத்து, வாழைத்தண்டு சூப்பை ஊற்றிக் கொடுத்தார்.

அவர் சொல்லாமல் விட்டதைப் புத்தகங்களில் தேடிப் படித்தேன். 1958 அக்டோபரில் பர்மாவில் ஆளுங்கட்சி இரண்டாக உடைந்து கிடந்தபோது, பிரதமர் ஊ நு ஆட்சியைத் தளபதி நெ வின்னிடம் தற்காலிகமாக ஒப்படைத்தார். பட்டாளம் வந்தது. ரங்கூன் தெருக்களைப் பெருக்கியது, குடிசைகளை அகற்றி மக்களை நகரத்துக்கு வெளியே புதிய குடியிருப்புகளுக்குக் கொண்டுபோனது, விலைவாசியைப் பிடித்தது. சாயாக்கடை பெஞ்சுக்காரர் ஆசைப்படுகிற அத்தனையும் நடந்தது. 1960இல் தேர்தல் நடத்தி, சொன்னபடி ஆட்சியைத் திருப்பியும் கொடுத்தது. தெரு சுத்தமானதில் சந்தோஷப்பட்ட மக்கள் அந்தத் தேர்தலில் மறுபடி ஊ நுவுக்கே ஓட்டுப் போட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

1962 மார்ச் 2ஆம் தேதி பட்டாளம் திரும்ப வந்தது. முதல் தடவை விருந்தாளி, இந்தத் தடவை வீட்டுக்காரன். அந்த ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. மறுநாள் விடியுமுன் மாணவர் சங்கக் கட்டடம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின, ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாமல் போயின. மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த தமிழனும் நெல் வயலில் உழைத்த தமிழனும் ஒரே வரிசையில் துறைமுகத்தில் நின்றார்கள். அறுபதுகளில் லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பர்மா காலனி என்ற பெயர் வந்தது அப்படித்தான். பிறந்த மண்ணுக்கே நடந்து திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வழியாகப் போய், எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் மோரேயில் தங்கி அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள். எல்லையோரத்தில் வாழும் எனக்கு அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை உண்டு.

போனவர்கள் போக, இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? 1970இல் ஒருநாள், வண்டிகள் எல்லாம் இனி ரோட்டின் வலப்பக்கம் ஓட வேண்டும் என்று உத்தரவு. வண்டிகளோ இடப்பக்கம் ஓடுவதற்காகச் செய்தவை. பஸ்ஸின் கதவு இடப்பக்கம் இருந்தது. இறங்குகிறவன் நடுரோட்டில் இறங்கினான். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாத் நோட்டுகள் செல்லாது, மாற்றியும் தர முடியாது என்றார்கள். பிறகு 45, 90 என்று நோட்டு அடித்தார்கள். ஒன்பது தளபதிக்கு ராசியான எண் என்று ஊரெல்லாம் முணுமுணுத்தது. 2016 நவம்பரில் நாமும் நோட்டு மாற்ற வரிசையில் நின்றவர்கள்தான். ஆனால் நம் வரிசையில் நின்றவர்கள் வாய்விட்டுத் திட்டினார்கள். அதன் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் கூட வேண்டிய அதே காலையில், மறுபடியும் பட்டாளம். முந்தைய நவம்பர் தேர்தலில் போட்டி நடந்த 476 இடங்களில் 396ஐ வென்றிருந்த கட்சியின் தலைவர்கள் விடிவதற்குள் கைதானார்கள். மறுநாள் இரவு எட்டு மணிக்கு யாங்கூன் என்று பெயர் மாறிய ரங்கூனில் வீடுகளின் பால்கனியில் நின்று ஜனங்கள் சட்டி பானைகளைத் தட்டினார்கள். வீட்டிலிருந்து துஷ்ட தேவதையை விரட்ட அப்படித் தட்டுவது அங்கே பழைய வழக்கம். தட்டுகிற கை எது, சட்டி எது என்று துப்பாக்கிக்காரனுக்குத் தெரியாது. அதனால் எல்லாரும் தட்டினார்கள்.

வேலைக்கு வரமாட்டோம் என்று முதலில் சொன்னவர்கள் அரசு மருத்துவமனை டாக்டர்கள். சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். பிறகு ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள், வங்கி ஊழியர்கள். காலையில் எங்கள் ஊர் மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். அந்தக் கூட்டத்துக்கு மருந்து எழுதித் தரத் துப்பாக்கியால் முடியாது. வங்கிகள் மூடின, ஏ.டி.எம். வாசலில் விடியற்காலையிலிருந்து ஆட்கள் காத்திருந்தார்கள், கரண்டு மணிக்கணக்கில் போனது. ஒழுங்கைக் கொண்டுவருகிறேன் என்று வந்தவர்களால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக்கூட ஒழுங்காக நடத்த முடியவில்லை.

இதையெல்லாம்விட என்னைத் தொட்டது ஒரு சின்ன விதி. வீட்டில் யாராவது இரவு தங்கினால் வட்டார அதிகாரியிடம் பெயர் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பழைய ராணுவ ஆட்சிக் காலத்து விதி, இடையில் எடுத்துவிட்டிருந்தார்கள். 2021 பிப்ரவரியிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். பதியாத விருந்தாளியைத் தேடி நள்ளிரவில் கதவு தட்டப்படும். எங்கள் வீட்டில் இதை வைத்துப் பார்த்தேன். களியக்காவிளைக்கு அந்தப்புறம் கட்டிக்கொடுத்த தங்கை வந்தால் இரண்டு நாள் தங்குவாள். பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்குத் துணையாக மாமியார் வருவார். மழை பிடித்துக்கொண்டால் பந்தல்காரர் திண்ணையில் படுப்பார். இத்தனை பேருக்கும் சீட்டு வாங்க வேண்டும் என்றால், முதலில் நிற்பது அரசியல் கூட்டமாக இராது. உறவு வருவதாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஹர்த்தாலைச் சபிக்காத காரக்கோணத்துக்காரர் இல்லை. 1997இல் கேரள உயர் நீதிமன்றம் பந்த்தைத் தடை செய்ததும், கட்சிகள் அதற்கு ஹர்த்தால் என்று பெயரை மாற்றிக்கொண்டன; கடை மட்டும் அதேபோல மூடியே இருந்தது. அப்படிப்பட்ட நாளில் எல்லை தாண்டிப் போய்ச் சாமான் வாங்கி வருவது எங்கள் வசதி. மியான்மர் என்று இப்போது அழைக்கப்படும் பர்மாவில் 2022 பிப்ரவரி 1ஆம் தேதி, ஆட்சிக் கவிழ்ப்பின் முதலாண்டு நாளில், மக்கள் யாரும் வெளியே வராமல் வீட்டுக்குள் இருந்தார்கள். மௌன வேலைநிறுத்தம். கடையை மூடினால் வழக்கு என்று முன்கூட்டியே மிரட்டினார்கள். மூடப்போகிறேன் என்று சொன்ன கடைக்காரர்களைக் கைதும் செய்தார்கள். இங்கே கட்டாயப்படுத்தி மூடவைக்கிறார்கள், அங்கே கட்டாயப்படுத்தித் திறக்கவைக்கிறார்கள் என்று இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட முடியாது. இங்கே மூடச்சொன்னவனை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக முடிந்தது, போனவர்கள் வென்றார்கள்.

பர்மாவைச் சொல்லிவிட்டு நம் வாசலைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. எங்கள் ஊர் அன்று இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1936 முதல் 1947 வரை திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். கெட்டிக்காரர். கோயில் நுழைவுப் பிரகடனம், பல்கலைக்கழகம், பள்ளிவாசல் மின்சாரம், அரசு பஸ் எல்லாம் அவர் காலம். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் கன்னியாகுமரிக்குக் காங்கிரீட் ரோடு போட்டதும் அவர் காலத்தில்தான். வேலை நடந்தது. அந்த ரோடு போகிற அதே நெய்யாற்றின்கரையில் 1938 ஆகஸ்ட் 31ஆம் தேதி, பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடும் நடந்தது. வீரராகவன் என்று இன்றும் பேர் சொல்லப்படும் ராகவனும் மற்றவர்களும் செத்தார்கள். 1946 அக்டோபரில் ஆலப்புழைப் பகுதியில் ராணுவச் சட்டம். புன்னப்புரையும் வயலாரும் ரத்தத்தில் நனைந்தன. ரோட்டின் நீளத்தை அரசு ஆவணம் சொல்லும். விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை தகராறு. கேள்வி கேட்க ஆளில்லாத ஆட்சியில் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

ஜனநாயகம் சுடாதா? சுடும். 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடிய எங்கள் ஆட்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டது திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு. அவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். 1955 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அந்த ஆட்சி விழுந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தெற்கில் இருந்த நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு போயின. நெய்யாற்றின்கரை இங்கேயே நின்றது, நாங்களும் நின்றோம். செத்தவர்கள் திரும்பவில்லை. ஆனால் சுட்டவர்களை நாற்காலியிலிருந்து இறக்க முடிந்தது. வித்தியாசம் அவ்வளவுதான், அது பெரிய வித்தியாசம்.

கடைசியாக, கசப்பான ஒன்று. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை. ராணுவ ஆட்சியல்ல; ஆனால் வாய் மூடிய ஆட்சி. ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீசில் ஆள் இருந்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அரசியல் அறிவில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று நினைக்கும் கேரளத்தவர்களான நாங்கள் 1977 தேர்தலில் 140இல் 111 இடங்களையும் மக்களவையின் இருபது இடங்களையும் அதே ஆளுங்கூட்டணிக்கு அள்ளிக் கொடுத்தோம். அந்த நேரம் கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவன் ராஜன் போலீஸ் பிடித்துக் கொண்டுபோய் ஓராண்டு கடந்திருந்தது. அவன் அப்பா ஈச்சரவாரியர் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். தேர்தலுக்குப் பிறகு அவர் உயர் நீதிமன்றம் போனார்; பதவியேற்று ஒரு மாதத்தில் முதல்வர் கருணாகரன் ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. மகனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. ரயில் நேரத்துக்கு வந்ததைப் பாராட்டியவர்கள் கெட்டவர்கள் அல்ல. அந்த அப்பாவின் குரல் அவர்கள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. அவ்வளவு அமைதி.

ஆகவே நான் தலையாட்டியது தப்பு. சோம்பலில் ஆட்டியது. கேரளத்தில் வார்டுக்கு ஒரு கிராம சபை உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். எங்கள் வார்டில் கூடும்போது நோட்டீஸ் வீட்டுக்கே வருகிறது. ரோடு, தெருவிளக்கு, பஸ் எல்லாவற்றையும் அங்கே எழுந்து நின்று கேட்கலாம். போன ஐந்து வருடத்தில் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. என்னால் போக முடியாத இடத்துக்குப் பட்டாளத்தை அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

சாயாக்கடை பெஞ்சுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவரும் போனதில்லை. அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பேரும் போவதாக இருக்கிறோம். பஸ் விஷயத்தை அவர் பேசுவதாக ஒப்புக்கொண்டார். குரல் அவருக்குத்தான் பெரிது.