அடுத்த சீட்டை எடுக்காதீர்கள்

நீங்கள் கட்டிய எண் 457. விழுந்தது 458. இன்றைக்கு இப்படி ஒரு முடிவு வந்திருந்தால், அடுத்த சீட்டுக்குக் காசை எடுக்கும் முன் இதைக் கேளுங்கள். நீங்கள் பரிசுக்குப் பக்கத்தில் வரவில்லை. 012 விழுந்திருந்தால் எவ்வளவு தோற்றிருப்பீர்களோ, அவ்வளவுதான் இப்போதும் தோற்றிருக்கிறீர்கள். "ஒரு நம்பர்ல போயிருச்சு மாப்ள, நாளைக்கு விட்றாத" என்று பக்கத்தில் நிற்கிறவர் தோளைத் தட்டுவார். அந்தப் பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். ஒன்றுமே ஒத்துவராத தோல்வி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும். நூலிழையில் தவறியதாகத் தோன்றுகிற தோல்விதான் மறுநாளும் வரவழைக்கும்; அதற்கு மறுநாளும் வரவழைக்கும்.

இதை மதுரை ஆரப்பாளையத்தில் நின்று சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. கேரளத்தில் 1967இல் அரசே தொடங்கிய லாட்டரி இன்றும் நடக்கிறது. நம் பேருந்து நிலையத்தில் தேனி, கம்பம் வழியாகப் போகும் குமுளி வண்டியில் ஏறினால் அரை நாளுக்குள் எல்லையைத் தொட்டுவிடலாம். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம் என்று தமிழ்நாட்டில் ஒரு கள்ளத்தொழில் முளைத்திருக்கிறது. கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்துப் பந்தயம் கட்டும் மூணு நம்பர் லாட்டரி அது. துண்டுச்சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பத்தில் மூன்று பெண் குழந்தைகள் உட்பட ஐந்து உயிர் போனதும் இந்த மூணு நம்பர் சீட்டில் பட்ட கடனால்தான். அந்த வீடு விழுப்புரத்தில் இருந்தது என்பதால் நமக்குத் தூரம் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். முழுப் பரிசு அதில் ஒன்றுக்குத்தான். உங்கள் எண்ணோடு ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறுபடும் எண்கள் எத்தனை? மூன்று இடம், ஒவ்வொன்றிலும் ஒன்பது மாற்று: 27. அதே மூன்று இலக்கங்கள் இடம் மாறி விழுவது, 475, 574 போல, இன்னும் 5. ஆக, ஒரு வெற்றிக்கு 32 'ஜஸ்ட் மிஸ்' இந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. நாளொன்றுக்கு ஓர் எண் கட்டுகிறவருக்குச் சராசரியாக மாதம் ஒருமுறை 'கொஞ்சத்தில் போச்சு' என்ற அனுபவம் வந்தே தீரும். வெற்றியோ சராசரியாக ஆயிரம் நாளைக்கு ஒன்று. ஏறக்குறைய இரண்டே முக்கால் வருடம். ஐந்து எண் கட்டுகிறவருக்கு அந்த அனுபவம் வாரந்தோறும் வரும், காசும் ஐந்து மடங்கு போகும். நேற்றுக் கட்டிய எண் இன்று விழுவதையும், கட்ட நினைத்து விட்டுவிட்ட எண் விழுவதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மாதாமாதம் அதிர்ஷ்டம் உங்கள் வாசல்வரை வந்து திரும்புவதாக நீங்கள் நம்புவது வெறும் எண்ணிக்கைக் கணக்கு. எல்லா வாசலுக்கும் அது அப்படித்தான் வந்து திரும்பும்.

இது தெரிந்தவரும் ஏன் கட்டுகிறார்? பதில் மண்டைக்குள் இருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 15 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, இரண்டு சக்கரம் கொண்ட ஒரு சூதாட்டத்தை ஆடவிட்டார்கள். இரண்டு சக்கரத்திலும் ஒரே படம் கோட்டில் நின்றால் காசு. ஒரு கட்டம் மேலேயோ கீழேயோ நின்றுவிட்டால் அது நூலிழைத் தோல்வி. அந்தத் தோல்வியின்போது மூளையின் அடியாழத்தில் உள்ள வென்ட்ரல் ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதியும், இன்சுலா என்ற பகுதியும் வேலை செய்தன. காசு கிடைத்தால் துடிக்கும் பகுதிகள் அவை. காசு கிடைக்கவில்லை என்பதை ஆடுகிறவர் கண்ணால் பார்த்துவிட்டார். உள்ளே அந்த இடம் மட்டும் ஏதோ கிடைத்ததுபோல் அசைந்துகொண்டிருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். நூலிழைத் தோல்வி முழுத் தோல்வியைவிட மனசுக்குக் கசப்பாக இருந்தது என்றுதான் ஆடியவர்கள் சொன்னார்கள். அதே சமயம், இன்னொரு முறை ஆட வேண்டும் என்ற ஆசையும் கூடியது. கசப்பும் ஆசையும் ஒன்றாக ஏறுகின்றன. "கடுப்பாகுதுண்ணே, ஆனா விட முடியல" என்று ஆடுகிறவர் சொல்வது நடிப்பல்ல.

அந்த ஆசை எப்போது கூடியது என்பதுதான் நமக்கு முக்கியம். படத்தைத் தானே தேர்ந்தெடுத்தபோது கூடியது. கணினி தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது கூடவில்லை. மூணு நம்பர் எழுதுகிறவர் "நம்பர் சொல்லுங்கண்ணே" என்று உங்களையே ஏன் கேட்கிறார் என்று இப்போது புரிகிறதா? மகள் பிறந்த தேதி, வண்டி எண், கனவில் வந்த எண். நீங்கள் சொன்னதாலேயே அது உங்களுடையதாகிவிடுகிறது. அமெரிக்காவில் எலன் லேங்கர் என்ற உளவியலாளர் இதை 1975இலேயே காட்டிவிட்டார். ஒரு டாலர் சீட்டைத் தானே தேர்ந்தெடுத்தவர்களிடம் திருப்பி விற்கிறாயா என்று கேட்டால், சராசரியாக எட்டரை டாலருக்கு மேல் கேட்டார்கள். பிறர் எடுத்துக் கொடுத்த சீட்டை வைத்திருந்தவர்கள் இரண்டு டாலருக்கும் குறைவாகவே கேட்டார்கள். பரிசு விழும் வாய்ப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

மூளையைத் திட்டவும் முடியாது. அது நமக்கு உதவ வந்த குணம். அலங்காநல்லூர் வாடிவாசலில் திமிலைப் பிடித்த கை நழுவிவிட்டது என்று வையுங்கள். அந்த நழுவலில் பாடம் இருக்கிறது. பிடி எங்கே தளர்ந்தது, கால் எங்கே பின்னியது என்று உடம்பு கற்றுக்கொள்ளும். அடுத்த மாட்டில் பிடி இறுகும். இப்படிக் கொஞ்சத்தில் தவறியதை விடாதே என்று தூண்டுகிற மூளைதான் ஆளைத் திறமைசாலி ஆக்குகிறது. குலுக்கலில் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை. இன்று 458 விழுந்தது என்பதால் நாளை எது விழும் என்பதில் ஒரு துளியும் மாறப்போவதில்லை. பாடமே இல்லாத இடத்தில் பாடம் இருப்பதாக மூளை எண்ணிக்கொள்கிறது. அந்த ஏமாற்றத்துக்குத்தான் நீங்கள் காசு கட்டுகிறீர்கள்.

ஆட ஆட இது பழகிப்போகும் என்றும் நினைக்காதீர்கள். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வழக்கமாகச் சூதாடும் 20 பேரைச் சோதித்தார்கள். யாருக்குச் சூதாட்டப் பிடி அதிகமோ, அவருக்கு நூலிழைத் தோல்வியின்போது டோபமைன் புறப்படுகிற நடுமூளைப் பகுதி கூடுதலாகத் துடித்தது. 2014இல் இன்னோர் ஆய்வு. இன்சுலா பகுதி சேதமடைந்த நோயாளிகளிடம் நூலிழைத் தோல்வி எந்த ஆசையையும் தூண்டவில்லை. திருக்குறளில் சூது அதிகாரத்தின் கடைசிக் குறள், இழக்க இழக்கச் சூதின்மேல் காதல் வளரும் என்பதை உவமையாகவே வைத்திருக்கிறது. கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே மனிதரைப் பார்த்தே அறிந்த உண்மை அது. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் சூதாட்ட நோய் இடம்பெற்றிருக்கிறது.

போனில் ஆடுகிறவரும் இதில் தப்பவில்லை. ரம்மியில் ஒரே ஒரு சீட்டு வந்திருந்தால் டிக்ளேர் என்ற நிலை அடிக்கடி யாருக்காவது வரும். ஆன்லைன் ரம்மியை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று 2020 ஜூலையில் குரல் கொடுத்தது நம் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம்தான். பிறகு மாநிலம் சட்டம் போட்டது, நீதிமன்றம் ரத்து செய்தது, நீதிபதி சந்துரு குழு அறிக்கை தந்தது, மறுபடி சட்டம் வந்தது, ரம்மி விஷயத்தில் மறுபடி தீர்ப்பு மாறியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டம் தேவைதான். ஆனால் ஆட்டம் நடத்துகிறவனைத் துரத்துவதுதான் சட்டத்தின் வேலை. முடிவைப் பார்த்த கண்ணுக்கும் பாக்கெட்டுக்குப் போகிற கைக்கும் நடுவே உள்ள அந்த ஒரு நிமிடத்தில் எந்தப் போலீஸும் வந்து நிற்க முடியாது. அங்கே நீங்கள்தான் நிற்க வேண்டும்.

ஆசை எழுந்தது உங்கள் குற்றமல்ல. அது எங்கிருந்து எழுகிறது என்று தெரிந்தபிறகும் அதன் சொல்லைக் கேட்டு நடப்பது உங்கள் பொறுப்பு. ஆகவே, ஆடுகிறவரே, இன்றே இவற்றைச் செய்யுங்கள். எண் அனுப்புகிற வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வெளியே வாருங்கள். முடிவைப் பார்க்காதீர்கள், பார்த்தால்தான் பக்கத்து எண் கண்ணில் படும். போன காசை மட்டும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அதில் 'கொஞ்சத்தில் போனது' என்று ஒரு பத்தி கிடையாது. கூலி கைக்கு வந்ததும் வீட்டில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கும் டீக்கும் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விட்டதைப் பிடிக்கக் கந்துவட்டிக்கு வாங்காதீர்கள். குலுக்கலில் விட்டதைக் குலுக்கலில் பிடித்துவிடலாம் என்பதும் அதே மூளை சொல்லும் அதே பொய்.

நண்பர்களே, "அடுத்த தடவை அடிச்சிரும்ணே" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். நீங்கள் ஆறுதலாகச் சொன்னது அங்கே அடுத்த சீட்டாக மாறுகிறது. கடன் கேட்டால் கொடுக்காதீர்கள். பசி என்றால் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். டீக்கடை வைத்திருப்பவரே, பெட்டிக்கடைக்காரரே, உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சீட்டு எழுத இடம் தராதீர்கள். ஒரு டீ கூடுதலாக விற்கும் என்பதற்காக ஒருவன் வீட்டு அரிசியைப் பறிகொடுக்க உடந்தை ஆகாதீர்கள்.

வீட்டில் இருக்கும் அக்கா, அம்மாமார்களே, ஊருக்குத் தெரியக்கூடாது என்று தாலிக்கொடியை அடகு வைத்துக் கடனை ரகசியமாக அடைக்காதீர்கள். அடைத்த கடன் மறுபடி ஆடுவதற்கு இடம் விடும். அவமானப்படுத்தியும் பயனில்லை, அவமானம் அவரை ஒளிந்து ஆடத்தான் வைக்கும். கணக்கைக் கேளுங்கள், பணத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போகத் தயங்கினால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். "செத்துட்டா தேவல" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், அதைக் கோபப் பேச்சென்று தள்ளாதீர்கள். அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள், உடனே அழைத்துப் போங்கள்.

கடைசியாக ஆடுகிறவருக்கே ஒன்று. மொத்தக் கடன் எவ்வளவு என்பதை இன்று ராத்திரியே வீட்டில் சொல்லிவிடுங்கள். பாதியைச் சொல்லி மீதியை மறைக்காதீர்கள். மறைத்த மீதிதான் நாளைக்கு இன்னொரு சீட்டு எடுக்கச் சொல்லும். சொன்னால் திட்டு விழும், அழுகை வரும், ஒரு நாள் இரண்டு நாள் பேச்சு இருக்காது. வரட்டும். காலையில் வட்டிக்காரர் வந்து நிற்கும்போது பதில் சொல்ல வீட்டில் இரண்டு பேர் இருப்பீர்கள்.